'ரோஜர்' என்றால் 'சரி' இல்லை: தனியார் விமானங்களும் கன்ட்ரோல் டவரும் பேசும் மொழியில் உயிர் போகும் இடம் எது?

திருவள்ளூரில் இருந்து திருத்தணி போகிற சாலையில், திருப்பாச்சூர் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் வானத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் சென்னை விமான நிலையத்துக்கு வந்து போகும் பயணிகள் விமானங்கள். இன்னொரு பக்கம் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தின் விமானங்களும் ஹெலிகாப்டர்களும். இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு தனியார் ஹெலிகாப்டர் தாழப் பறந்து போகும். தேர்தல் நேரம் என்றால் 'எப்போதாவது' என்பது 'அடிக்கடி' ஆகிவிடும். போனில் ஃபிளைட் ரேடார் ஆப்பைத் திறந்தால், மேலே போவது எந்த விமானம், எவ்வளவு உயரம், என்ன வேகம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆப்பில் வராத ஒன்று இருக்கிறது. அந்த விமானத்தின் விமானி தரையில் இருப்பவரோடு என்ன பேசிக்கொண்டிருக்கிறார் என்பது. அமெரிக்காவில் இதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் நேரலையாகக் கேட்கலாம். நம்ம ஊரில் அப்படி இல்லை, வயர்லெஸ் கருவி என்றாலே உரிமம் கேட்பார்கள். அதனால் ஒரு விபத்து நடந்து, அறிக்கை வெளியாகும்போதுதான் இந்தப் பேச்சு நம் காதுக்கு வருகிறது.

2026 ஜனவரி 28 அன்று அப்படித்தான் வந்தது.

பாராமதியில் கடைசியாகப் பேசியது என்ன?

மகாராஷ்டிர துணை முதலமைச்சர் அஜித் பவார் மும்பையில் இருந்து பாராமதிக்குச் சென்ற லியர்ஜெட் 45 ரக வாடகை விமானம் அன்று காலை ஓடுபாதை அருகே விழுந்து நொறுங்கியது. அவர் உட்பட விமானத்தில் இருந்த 5 பேரும் உயிரிழந்தனர். அன்றே மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் இருப்பது பெரும்பாலும் ரேடியோ உரையாடலின் சுருக்கம்தான். அதை வரிசையாகப் பார்ப்போம்.

காலை 8.18-க்கு விமானம் முதல்முறையாக பாராமதியைத் தொடர்பு கொண்டது. அடுத்த அழைப்பு 30 கடல் மைல் தொலைவில் இருந்து. கண்ணால் பார்த்து இறங்கக்கூடிய வானிலையில், விமானியின் முடிவுப்படி இறங்கலாம் என்று தரையில் இருந்து சொல்லப்பட்டது. விமானிகள் காற்றையும் பார்வைத்தூரத்தையும் கேட்டார்கள். காற்று இல்லை, பார்வைத்தூரம் சுமார் 3,000 மீட்டர் என்று பதில் வந்தது. கண்பார்வை விதிப்படி பறக்கப் பொதுவாக 5 கிலோமீட்டர் கேட்பார்கள் என்பதை இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதை 11-ஐ நோக்கி வந்தார்கள். ஓடுபாதை தெரியவில்லை என்றார்கள். இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வந்தார்கள். மறுபடி இறங்கு பாதைக்கு வந்தபோது, ஓடுபாதை தெரிந்ததும் சொல்லுங்கள் என்று கேட்கப்பட்டது. இப்போது தெரியவில்லை, தெரிந்ததும் அழைக்கிறோம் என்றார்கள். சில விநாடிகளில், தெரிகிறது என்றார்கள். 8.43-க்கு இறங்க அனுமதி சொல்லப்பட்டது.

அறிக்கையின் அடுத்த வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்த அனுமதியை விமானிகள் திரும்பச் சொல்லவில்லை. 8.44-க்கு ஓடுபாதையின் முனை அருகே தீப்பிழம்பு தெரிந்தது.

திரும்பச் சொல்லாததால்தான் விபத்து நடந்தது என்று யாரும் இதை வைத்து முடிவுகட்ட முடியாது. விபத்துக்கான காரணத்தைக் கண்டறிவது விமான விபத்து புலனாய்வுப் பிரிவின் வேலை. ஆனால் ஒரு சாதாரண வாசகர் அந்த அறிக்கையைப் படித்தால், இதை ஏன் தனியாகக் குறிப்பிட்டார்கள் என்ற கேள்வி வரும். 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டதா ஒரு விஷயம்?

ஆமாம், விஷயம்தான். ஏன் என்று புரிய, இந்த மொழி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரே குழாய், ஒரே நேரத்தில் ஒரே குரல்

விமான ரேடியோ நம் செல்போன் மாதிரி இல்லை. போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம், சண்டையும் போடலாம். விமான ரேடியோவில் பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா விமானங்களும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பட்டனை அழுத்தினால், கேட்பவர் காதில் விழுவது வெறும் 'கீச்' சத்தம்.

அதனால் பேச்சு சுருக்கமாக இருக்க வேண்டும். அதே சமயம் பாதி கேட்காமல் போனாலும் தப்பாகப் புரியாத மாதிரி இருக்க வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தெரியும், செய்வது கடினம்.

நம்ம பக்கத்து உதாரணம் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை, உள்ளே கிரேன் ஓடுகிறது. கீழே நிற்பவர் வாக்கி-டாக்கியில் 'தூக்காதே' என்கிறார். கடைசி எழுத்துகள் இரைச்சலில் போய்விட்டால்? 'தூக்கு' என்று கேட்கும். தமிழில் 'வேண்டாம்' என்கிற அர்த்தம் வார்த்தையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வால் அறுந்தால் அர்த்தம் தலைகீழ். 'நிறுத்து' என்று சொல்லியிருந்தால் இந்த ஆபத்து இல்லை. விமான ரேடியோவில் 'ஓடுபாதைக்குள் போகாதே' என்று சொல்வதில்லை. 'ஹோல்ட் ஷார்ட்', அதாவது முன்னாலேயே நில் என்றுதான் சொல்வார்கள். இப்படி ஒவ்வொரு வார்த்தையும் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். பல வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது.

சரி, எப்படிப் பேசுவார்கள்?

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். சென்னையில் ஒரு சின்ன தனியார் விமானம் கிளம்பத் தயாராக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் விமானம் என்றால் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் அழைப்புப் பெயர் ஆகிவிடும். இண்டிகோவுக்கு 'ஐஃபிளை'. தனியார் விமானத்துக்கு அதன் பதிவு எழுத்துகள்தான் பெயர். இந்திய விமானங்கள் எல்லாமே 'வி.டி.' என்று தொடங்கும். ஆங்கில எழுத்துகளில் பி, டி, ஜி, வி எல்லாம் ஒரே மாதிரி ஒலிப்பதால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்.

விமானி: "சென்னை டவர், விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, ரெடி ஃபார் டிபார்ச்சர், ரன்வே ஜீரோ செவன்."

டவர்: "விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, ரன்வே ஜீரோ செவன், லைன் அப் அண்ட் வெயிட்."

விமானி: "ரன்வே ஜீரோ செவன், லைனிங் அப் அண்ட் வெயிட்டிங், விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி."

ஓடுபாதைக்குள் போய் வரிசையில் நில், காத்திரு என்பது உத்தரவு. விமானி அதை அப்படியே திரும்பச் சொல்கிறார். இதற்கு 'ரீட்பேக்' என்று பெயர். டவரில் இருப்பவரின் வேலை அதோடு முடியவில்லை. திரும்பச் சொன்னது சரியா என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும். தப்பாக இருந்தால் 'நெகட்டிவ்' என்று மறித்துத் திருத்த வேண்டும். வட்டம் அப்போதுதான் மூடுகிறது.

'ரன்வே ஜீரோ செவன்' என்பது திசை. திசைகாட்டியில் சுமார் 70 டிகிரி பக்கம் பார்க்கிற ஓடுபாதை. அதே பாதையை மறுமுனையில் இருந்து பார்த்தால் 250 டிகிரி, அதனால் பெயர் 25. பாராமதியின் 11 என்பது 110 டிகிரி. எண்களிலும் சில விசித்திரங்கள் உண்டு. மூன்றை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்லச் சொல்கிறது விதி. ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும் என்பதே காரணம்.

எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. காற்று, வானிலைத் தகவலுக்குத் தேவையில்லை. ஓடுபாதைக்குள் நுழைய, கடக்க, கிளம்ப, இறங்க, முன்னாலேயே நிற்க என்று எந்த உத்தரவு வந்தாலும் கட்டாயம். உயரம், திசை, வேகம், உயரமானியில் வைக்க வேண்டிய அழுத்த எண், ரேடார் அடையாள எண் இவையும் கட்டாயம். யோசித்துப் பாருங்கள், இந்தப் பட்டியலில் இருப்பது எல்லாமே தப்பானால் ஆள் சாகக்கூடிய விஷயங்கள்.

'ரோஜர்' ஏன் போதாது?

சினிமாவில் போலீஸ் வாக்கி-டாக்கியில் 'ரோஜர்' என்றால் 'சரி சார், செய்றேன்' என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் அர்த்தம் 'நீங்கள் சொன்னது முழுசாகக் கேட்டது' என்பது மட்டும்தான். ஒப்புக்கொண்டேன் என்றோ, செய்கிறேன் என்றோ அதற்குப் பொருள் இல்லை. செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ'. ஆம் என்பதற்கு 'அஃபர்ம்'. முடியாது என்பதற்கு 'அனேபிள்'. 'ஸ்டேண்ட்பை' என்றால் 'இரு, நானே கூப்பிடுகிறேன்'. அதைப் பாதி அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்புறம், 'ஓவர் அண்ட் அவுட்' என்று எந்த விமானியும் சொல்ல மாட்டார். 'ஓவர்' என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன், 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது சாப்பாடு போடுங்க, எனக்குப் பசிக்கல என்பது மாதிரி.

'டேக்-ஆஃப்' என்ற சொல்லின் கதை இதைவிட முக்கியம். மேலே உள்ள உதாரணத்தில் விமானி 'ரெடி ஃபார் டிபார்ச்சர்' என்றார், கவனித்தீர்களா? 'டேக்-ஆஃப்' என்று சொல்லவில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் மூடுபனிக்குள் கே.எல்.எம். விமானமும் பான் ஆம் விமானமும் ஓடுபாதையிலேயே மோதின. இரண்டும் ஜம்போ ஜெட்கள். 583 பேர் இறந்தனர். கே.எல்.எம். விமானி 'நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்' என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார். கிளம்பத் தயாராக நிற்கிறார் என்று டவர் புரிந்துகொண்டு 'ஓகே' என்றது. அந்த 'ஓகே'வுக்குப் பிறகு 'காத்திருங்கள், கூப்பிடுகிறேன்' என்றும் சொன்னது. அதே நொடியில் பான் ஆம் விமானியும் 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று பட்டனை அழுத்தினார். இரண்டு குரலும் மோதி கே.எல்.எம். காக்பிட்டில் கேட்டது கீச் சத்தம். முன்னால் வந்த 'ஓகே' மட்டும் தெளிவாகக் கேட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான், 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை உண்மையிலேயே கிளம்ப அனுமதி தரும்போதும், அதைத் திரும்பச் சொல்லும்போதும், ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் உச்சரிக்கக் கூடாது என்ற வழக்கம் வந்தது.

ஆங்கிலம் தெரியாததுதான் பிரச்சனையா?

இந்தியாவில் இந்தக் கேள்வி எழுந்தால் எல்லோரும் சொல்வது சர்க்கி தாத்ரி. 1996 நவம்பர் 12, டெல்லிக்கு மேற்கே ஹரியானா வானத்தில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதி 349 பேர் இறந்தார்கள். நடுவானில் நடந்த மோதல்களில் உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்தது இன்றுவரை இதுதான். கஜக் விமானத்துக்கு 15,000 அடி, சவுதி விமானத்துக்கு 14,000 அடி என்று டெல்லி சொல்லியிருந்தது. எதிரே விமானம் வருகிறது, 14 மைல் தூரம் என்ற எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டது. கஜக் விமானத்தில் ரேடியோ பேசுபவர் தனி ஆள். விமானிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விமானமோ 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. நீதிபதி லஹோதி தலைமையிலான விசாரணை, அனுமதியின்றிக் கீழே இறங்கியதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. கஜக் குழுவினரின் போதாத ஆங்கிலமும், அவர்களுக்குள் இருந்த ஒருங்கிணைப்புக் குறைபாடும் அதற்குப் பின்னணி என்றது. விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் குறைந்தபட்சம் 'லெவல் 4' ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும் என்று பின்னாளில் சர்வதேச விதி வந்ததற்கு இந்த விபத்து முக்கியமான ஒரு தூண்டுதல்.

இதை வைத்து, 'இங்கிலீஷ் மீடியம் படிச்சவங்களுக்கு மட்டும்தான் காக்பிட்' என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்கான சாட்சி, சர்க்கி தாத்ரிக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து நடந்தது.

1996 நவம்பர் 19. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குயின்சி என்ற சின்ன ஊர் விமான நிலையம். டவர் கிடையாது. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஓடுபாதைகள். 12 பேருடன் ஒரு சிறிய பயணிகள் விமானம் ஓடுபாதை 13-ல் இறங்க வருகிறது. ஓடுபாதை 4-ன் முனையில் கிங் ஏர் என்ற தனியார் விமானம் நிற்கிறது. அதற்குப் பின்னால் இன்னொரு குட்டி தனியார் விமானம், செரோக்கி. இறங்க வரும் விமானி ரேடியோவில் கேட்கிறார்: ஓடுபாதை 4-ல் நிற்பவர் அப்படியே நிற்பீர்களா, கிளம்பப் போகிறீர்களா? கேட்கப்பட்ட கிங் ஏர் பேசவில்லை. பின்னால் நின்ற செரோக்கியின் விமானி, தான் காத்திருப்பதாகப் பதில் சொல்கிறார். அந்தப் பதில் வந்த நேரம் பார்த்து, இறங்கும் விமானத்தின் காக்பிட்டில் தானியங்கிக் குரல் உயரத்தை அறிவிக்கிறது. செரோக்கியின் வாக்கியத்தில் ஒரு துண்டு அதில் போய்விடுகிறது. இறங்குபவர்கள் அதை முன்னால் நிற்கும் விமானத்தின் பதில் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். கிங் ஏர் கிளம்பி ஓடிவருகிறது. ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் மோதல். இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

ரேடியோவில் பேசிய யாருக்கும் ஆங்கிலம் பிரச்சனை இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே 'யார் சொன்னது?' என்பது மட்டும் உறுதியாகவில்லை. கிங் ஏர் விமானிகள் ரேடியோவைச் சரியாகக் கவனிக்காததும் வெளியே பார்க்காததும்தான் முதன்மைக் காரணம் என்றது அமெரிக்க விசாரணை அமைப்பு. செரோக்கியின் இடைமறிக்கப்பட்ட பதிலைத் தப்பாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணம் என்றது.

அதனால்தான் சொல்கிறேன், இது ஆங்கிலத் தேர்வு இல்லை. ஆங்கிலச் சொற்களால் கட்டிய ஒரு சின்ன, தனி மொழி. வீட்டில் ஆங்கிலம் பேசுபவர் அதில் வளவளவென்று பேசித் தப்பு செய்ய வாய்ப்பு அதிகம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒரு மாணவர், இந்தச் சொற்களை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு எழுத்து கூட மாற்றாமல் பேசினால் அவர்தான் பாதுகாப்பான விமானி.

டவர் இல்லாத இடத்தில் யார் போலீஸ்?

குயின்சிக்கும் பாராமதிக்கும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. இரண்டுமே கட்டுப்பாட்டு டவர் இல்லாத தளங்கள். பாராமதியில் போக்குவரத்துத் தகவலைச் சொல்பவர்கள் அங்குள்ள விமானப் பயிற்சிப் பள்ளிகளின் பயிற்றுநர்களும் விமானிகளும்தான் என்று அமைச்சக அறிக்கையே சொல்கிறது.

தனியார் விமானப் போக்குவரத்தின் நிஜமான களம் இப்படிப்பட்ட இடங்கள்தான். சென்னை, மதுரை, கோவை, திருச்சியில் டவர் உண்டு. அரசியல் கூட்டத்துக்காக இரண்டு நாளில் மைதானத்தில் வெள்ளை 'எச்' வரைந்து போடும் ஹெலிபேடில் என்ன இருக்கும்? ஒரு தீயணைப்பு வண்டி, கொஞ்சம் போலீஸ், நிறைய தொண்டர்கள். அங்கே விமானியின் சொந்தக் குரல்தான் டிராஃபிக் சிக்னல். ஊர் பெயர், தன் அழைப்புப் பெயர், எங்கே இருக்கிறேன், என்ன செய்யப் போகிறேன் என்று அவரே காற்றில் அறிவிக்க வேண்டும். சுற்றுப்பாதையில் 'டவுன்விண்ட்', திரும்பும்போது 'பேஸ்', ஓடுபாதைக்கு நேராக வந்ததும் 'ஃபைனல்'. பக்கத்தில் இன்னொருவர் பறந்தால் அவர் கேட்டு விலகிக்கொள்வார் என்ற நம்பிக்கை. அவர் ரேடியோவை வேறு அலைவரிசையில் வைத்திருந்தால் அந்த நம்பிக்கையும் இல்லை.

இங்கே இன்னொரு சிக்கல், சொல்லின் அதிகாரம். 'கிளியர்ட் டு லேண்ட்' என்பது உரிமம் பெற்ற கட்டுப்பாட்டாளர் சொல்ல வேண்டிய சொல். ஓடுபாதை காலி, உன்னைத் தவிர யாரையும் நான் உள்ளே விடவில்லை என்ற உத்தரவாதம் அதில் இருக்கிறது. கட்டுப்பாடு இல்லாத தளத்தில் தரையில் இருப்பவர் கொடுக்கக்கூடியது தகவல் மட்டும்தான்: காற்று இவ்வளவு, பார்வைத்தூரம் இவ்வளவு, வேறு விமானம் எதுவும் தெரியவில்லை. ஆனால் பாராமதி அறிக்கையில் 'இறங்க அனுமதி தரப்பட்டது' என்று இருக்கிறது. கட்டுப்பாடு இல்லாத தளத்தில் அனுமதி என்ற சொல் எப்படி வந்தது? எனக்கு இது வெறும் இலக்கணப் பிழையாகத் தெரியவில்லை. தகவலை அனுமதி என்ற சட்டை போட்டு அனுப்பினால், அதைக் கேட்கும் விமானிக்கு, இறங்கலாமா வேண்டாமா என்ற முடிவில் பாதியைத் தரையில் இருப்பவர் ஏற்றுக்கொண்ட மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடக்கூடும். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் அது ஆபத்தான எண்ணம்.

மௌனத்துக்கும் இங்கே அர்த்தம் உண்டு. விமானிகளுக்குச் சொல்லித்தரும் வரிசை இது: முதலில் விமானத்தை ஓட்டு, அடுத்து வழியைப் பார், கடைசியில் பேசு. கை நிறைய வேலை இருக்கும்போது பதில் வராமல் போகலாம், அது விமானியின் குற்றம் என்று உடனே சொல்லிவிட முடியாது. தரையில் இருப்பவருக்கு அது ஒரு செய்தி. உள்ளே ஏதோ சரியில்லையோ என்று அவர் யோசிக்க வேண்டிய நொடி அது. திரும்பச் சொல்வதை விதியாக வைத்திருப்பதன் இன்னொரு பயன் இதுதான். பதில் வருவது வழக்கமாக இருந்தால்தான், வராதது காதில் உறைக்கும்.

சொல்லத் தயங்கும் சொற்கள்

2025 ஜூன் 19 அன்று குவாஹாட்டியில் இருந்து சென்னை வந்த இண்டிகோ விமானம், சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருவுக்குத் திரும்பியது. எரிபொருள் குறைவு காரணமாக விமானி 'மேடே' அறிவித்தார். 168 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். செய்திகளில் 'மேடே' என்ற சொல்லே திகிலாக ஒலித்தது. ஒரு வாரத்துக்கு முன்புதான், ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்திருந்தார்கள். அங்கேயும் விமானி 'மேடே' சொன்னார். கட்டுப்பாட்டாளர் அழைப்புப் பெயரைக் கேட்டார், பதில் வரவில்லை.

ஆனால் பெங்களூரு விஷயத்தில் விமானி செய்தது சரியான காரியம். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே கொலம்பியாவின் அவியாங்கா விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். அந்தக் குழுவினர் எரிபொருள் குறைகிறது என்றார்கள், முன்னுரிமை வேண்டும் என்றார்கள். 'மேடே' என்றோ 'எமர்ஜென்சி' என்றோ கடைசிவரை சொல்லவில்லை. நியூயார்க் மாதிரி நெரிசலில் தினமும் பலரும் எரிபொருள் குறைகிறது என்பார்கள். பின்னாளில் இதற்கென்றே 'மினிமம் ஃப்யூயல்', 'மேடே ஃப்யூயல்' என்று இரண்டு படிகளில் தனிச் சொற்கள் வந்தன. முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது அவசரநிலை. கூச்சப்படாமல் சொல்வதற்குத்தான் அவை.

'கோ அரவுண்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட் 10 அன்று திருவனந்தபுரம்–டெல்லி ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பிவிடப்பட்டது, கே.சி. வேணுகோபால் உட்பட எம்.பி.க்கள் அதில் இருந்தார்கள். இறங்கும் நேரத்தில் மறுபடி மேலே ஏறியது. ஓடுபாதையில் வேறு விமானம் இருந்ததாகச் சொல்லப்பட்டது என்றார் வேணுகோபால். அதை மறுத்த ஏர் இந்தியா, சென்னை ஏ.டி.சி. 'கோ அரவுண்ட்' சொன்னதால் ஏறினோம் என்றது. அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். பயணியாக உட்கார்ந்திருக்கும்போது விமானம் திடீரென உறுமி மேலே ஏறினால் வயிறு கலங்கும், உண்மைதான். இறங்கக் கூடாத நேரத்தில் இறங்காமல் விட்டதன் சத்தம் அது.

தேர்வு யார் கையில்?

இந்த மொழியைப் பேச உரிமம் வேண்டும். இவ்வளவு காலமும் அந்த ரேடியோ தேர்வை நடத்தியது தொலைத்தொடர்புத் துறை, விமானி உரிமம் கொடுப்பது டி.ஜி.சி.ஏ. ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகம் ஏறி இறங்குவதாக மாணவர்கள் புலம்புவார்கள். விமானப் பயிற்சியை முடித்துவிட்டு, ரேடியோ தேர்வுக்காகக் காத்திருந்தவர்களின் கதைகள் நிறைய. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதிநியம் 2024 என்ற சட்டம், இந்த ரேடியோ சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை டி.ஜி.சி.ஏ. பக்கம் மாற்றியது. அலைச்சல் குறையும் என்பது நல்ல விஷயம். அதோடு, தேர்வு அறையில் பேசுவதும் காக்பிட்டில் பேசுவதும் ஒன்றாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரே துறைக்கு இப்போது வாய்ப்பு இருக்கிறது.

எவ்வளவு சரியாகப் பேசினாலும் ஒரு எல்லை உண்டு. அதற்கு உதாரணம் வானத்தில் இல்லை, நம்ம தண்டவாளத்தில் இருக்கிறது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் 'பிரைவேட் நம்பர்' பரிமாறிக்கொள்வார்கள். கேட்டை மூடிவிட்டேன் என்பதற்கான ரீட்பேக் அது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தார்கள். கேட் மூடப்பட்டதாக பிரைவேட் நம்பர் கொடுக்கப்பட்டிருந்தது, கேட் திறந்திருந்தது என்று விசாரணையில் தகவல் வெளியானது. வாய் சரியாகச் சொன்னது, கை செய்யவில்லை. பாராமதியில் 'ஓடுபாதை தெரிகிறது' என்று சொன்னதற்கும் கண் உண்மையில் கண்டதற்கும் நடுவே என்ன இருந்தது என்பதை ரேடியோ பதிவு மட்டும் காட்டிவிடாது. அதற்குத்தான் கருப்புப் பெட்டி.

பைலட் ஆக ஆசைப்படும் பிள்ளைகள் நம்ம மாவட்டத்திலும் உண்டு. இதற்கு ஓடுபாதை வேண்டாம். இரண்டாம் உலகப் போர் காலத்து சோழவரம் ஓடுபாதையில் பின்னாளில் கார் ரேஸ்தான் நடந்தது, அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. பயிற்சி மாணவர்கள் செய்வது ரொம்ப சாதாரணமானது. இரண்டு பேர் மொட்டைமாடியில் முதுகைக் காட்டி உட்காருவார்கள், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. ஒருவர் டவர், ஒருவர் விமானி. டவராக இருப்பவர் வேண்டுமென்றே நடுவில் ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்வார், அல்லது ஒரு சொல்லை முழுங்கிவிடுவார். விமானி 'ரோஜர்' என்று சொல்லிவிட்டால் ஆட்டம் அவுட். 'சே அகெய்ன்' என்று கேட்டால் அடுத்த ரவுண்டு.